திருட்டு முழிகளின் பட்டியல்

எனக்கு நீச்சல் தெரியாது. புத்தியுள்ளவன் இந்த உண்மையை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பான். நான் பாய்மரப் படகு வாங்கினேன்.

ஐம்பது வயதை நெருங்கும் ஆண்களில் சிலர் தலைக்குச் சாயம் பூசுகிறார்கள், சிலர் மாரத்தான் ஓடுகிறார்கள். நான் படித்தவன் (கோளாறே அதுதான்). படகில் தனியாக உலகம் சுற்றியவர்களின் புத்தகங்களை வரிசையாகப் படித்துவிட்டு, மனிதன் தன்னை அறிய வேண்டுமானால் பதினெட்டு அடி நீளத்துக்குள் சுருண்டு படுத்தே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். சென்னையில் ஒருவர் தன் பழைய படகை யார் தலையிலாவது கட்டிவிடக் காத்திருந்தார். அதில் ஓர் அறைகூட இருந்தது. முழங்காலை மடக்கினால் படுக்கலாம். தலையைக் குனிந்தால் உட்காரலாம். நிற்க வேண்டுமென்றால் வெளியே வரவேண்டும். லாரியில் ஏற்றி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் கொண்டுபோய் இறக்கினேன். ஏரியில் ஒரு மாதம் தனிவாசம், பிறகு கால்வாய் வழியாகத் தெற்கே பயணம்.

"தனியாவா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆமாம்."

"சரி."

அந்தச் 'சரி'யில் கவலையைவிட நிம்மதி தூக்கலாக இருந்ததோ என்று எனக்கொரு சந்தேகம். (நான் சந்தேகப்பட ஆரம்பித்தது அங்கேதான்.)

என் படகுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு நீண்டு இறங்கியிருக்கும். அதற்கு ஆழம் வேண்டும். ஏரியோ பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுதான். கோடு போட்ட மூங்கிலைத் தண்ணீரில் விட்டு விட்டு அளந்து, நோட்டில் குறித்து, அரை நாள் தேடியபின் அருமையான இடம் ஒன்று கிடைத்தது. முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, ஒரு குப்பத்துக்கு எதிரே, வாய்க்கால்போல ஆழமாக ஓடும் தடம். ஏரி முழுக்கப் படகுகள் இருக்க, அங்கே மட்டும் ஒருவரும் இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு விவரம் போதாது என்று மட்டும் தோன்றியது. நங்கூரத்தை இறக்கினேன்.

மறுநாள் விடியும்போது இரண்டு படகுகள் வந்து, கூப்பிடு தூரத்தில் நின்றன. நான்கைந்து ஆண்கள். ஒருவரும் பேசவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் பைனாகுலர் வழியாக அவர்களைப் பார்த்தேன். அரை மணி நேரம் இப்படியே போனது. பிறகு தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நோட்டை எடுத்து, நேரத்தைக் குறித்து, ஆட்களின் அடையாளங்களையும் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அதே நேரம், இரண்டு படகுகள். ஆனால் வேறு ஆட்கள்! மூன்றாம் நாளும் அப்படியே, வேறு ஆட்கள். துப்பறியும் நாவல்களை ஏராளமாகப் படித்திருந்த எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு கும்பல் முறைவைத்து என்னை வேவு பார்க்கிறது.

தற்காப்பில் இறங்கினேன். மணிபர்ஸை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். படகைச் சுற்றிக் கயிறு கட்டி, இரண்டு எவர்சில்வர் டம்ளரையும் ஒரு கரண்டியையும் தொங்கவிட்டேன், யாராவது ஏறினால் சத்தம் வரட்டும் என்று. (காற்று ஏறியது. நாள் முழுக்கச் சத்தம்.) அதோடு விட்டேனா? படகில் நான் தனியாக இல்லை என்று காட்டுவதற்காக, அறைக்குள் தலையை நீட்டி, "இன்ஸ்பெக்டர் சார், காபி போடட்டுமா?" என்று அடிக்கடி உரக்கக் கேட்டேன்.

நான்காம் நாள் காலை, நோட்டில் அன்றைய படகுகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் ஏரியின் நடுவே நடந்து வந்தார்.

ஆமாம், நடந்துதான். நான் லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டிகளையும் இறுக்கிக்கொண்டு மூன்று நாளாக உயிரைக் கையில் பிடித்திருந்த அந்த நீர்ப்பரப்பில், புடவையைத் தூக்கிச் செருகியபடி, இடுப்பளவுத் தண்ணீரில் விறுவிறுவென்று வந்தார். ஆழத் தடத்தின் ஓரத்து மணல்மேட்டில் நின்றார். என் படகுக்கும் அவருக்கும் பத்தடிகூட இல்லை.

"இன்ஸ்பெக்டரு சாரு! இன்ஸ்பெக்டரு சார கூப்புடு."

"நான் மட்டும்தாம்மா இருக்கேன்."

"அப்போ இன்ஸ்பெக்டரு?"

"அவர்... போயிட்டார்."

"எப்டி? நடந்தா?"

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். டம்ளர்கள் பேசின.

"தோ பாரு சார். நீ எந்த டிப்பார்ட்மெண்டா வேணா இரு. இன்னிக்கி எங்க பாடு. நங்கூரத்த தூக்கு."

"பாடுன்னா?"

"ஊர்ல சீட்டு போட்டு எடுக்கறது சார். இந்த எடத்துல இன்னிக்கி நாங்க வலை வுடணும், நாளைக்கி வேற ஆளு. ஒருத்தன் மொறையில இன்னொருத்தன் கால் வைக்கமாட்டான். நீ இன்னாடானா வூடு கட்டிக்கினு குந்தினு கீற!"

அவர் பெயர் கஸ்தூரி. தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இறால் அந்தத் தடம் வழியாகத்தான் போகுமாம். என் படகின் இரும்புத் தகடு தேடிய ஆழத்தை இறாலும் தேடியிருக்கிறது. தினம் வந்து போனவர்கள் வேவுக்காரர்கள் அல்லர், அன்றன்றைக்கு முறை வந்தவர்கள்.

"மூணு நாளா ஒருத்தரும் சொல்லலையே?"

"எப்டி சொல்லுவாங்க? தொப்பி, பைனாகுலரு, நோட்டு, அளவுகோலு, உள்ள ஒரு இன்ஸ்பெக்டரு! எதுக்கோ எடத்த அளக்க வந்துக்கிறாங்கோ, எடத்த எடுத்துக்கப் போறாங்கோனு ஊரே கலங்கிப்போயி கீது. வாயத் தொறந்தா நம்ம பேர எழுதிக்குவான், நாளைக்கி மொற வர்றவன் கேட்டுக்கட்டும்னு மொத ஆளு வந்துட்டாரு. அட்த்த ஆளும் அப்டியே. இப்போ எங்க தலைல வந்து நிக்குது. எங்க வூட்டாரு கேக்கமாட்டாரு. தோ, மூஞ்ச திருப்பிக்கினு குந்தினு கீறாரு பாரு." பிறகு குரல் இறங்கியது. "மழ முடிஞ்சி இந்த பௌர்ணமி தண்ணிக்கிதான் சார் எறா ஓடும். இத வுட்டா எங்க மொற திரும்பி வர்றதுக்குள்ள எறா போயிடும். தண்ணி வத்தறதுக்குள்ள கெளம்பு."

வெட்கத்தில் வேகமாகச் செயல்பட்டேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இந்த முறையில் நடந்தவை. நங்கூரத்தை இழுத்தேன், பாயை ஏற்றினேன், காற்று ஒரே அறையாக அறைந்தது. படகு அரைவட்டம் அடித்து, எதிர்ப்பக்க மேட்டில் மூக்கைச் சொருகி, தடத்துக்குக் கதவு போட்டதுபோல் குறுக்காக நின்றது.

நான்கு நாட்களில் முதன்முறையாக ஓர் ஆண் குரல் கேட்டது. கஸ்தூரியின் கணவர் குமார். "மின்ன இருந்த எடமே மேலு."

குப்பமே இறங்கி வந்து தள்ளியது. நான் கொலைகாரர்களாகக் கண்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். படகு நகர்ந்தபோது அன்றைய தண்ணீர் கடலுக்கு இறங்கி வற்றியிருந்தது. கஸ்தூரி என்னைத் திட்டவில்லை. நனையாத வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருக்கலாம்.

அன்று மதியம் ஊர்த்தலைவர் ஏழுமலை முன்னால் கூட்டம். முறை வந்தவர் விடியலில் வலையோடு வந்து, தடை ஏற்பட்டிருந்தால் பாடு திரும்பக் கிடைக்கும். வராமலே இருந்திருந்தால் போனது போனதுதான். இது ஊர் வழக்கம். மறுநாள் முறைக்காரரான சேகர் எகிறினார். இழந்தவர்களுக்குத் திரும்பக் கொடுத்தால் அவர் நான்கு நாள் பின்னால் போகவேண்டும். அதற்குள் இறால் போய்விடும்.

"வந்தாங்கோனு யார் பாத்தது? இன்னிக்கி கஸ்தூரி வந்தத ஊரே பாத்துது, சரி. மத்த மூணு பேரும் ஆபீசருக்கு பயந்துக்கினு வூட்ல தூங்கிட்டு கத வுடறாங்கோ."

"நோட்டு கீதே!" என்றார் கஸ்தூரி. "ஒருநாள் வுடாம எயுதினாரு. படி சார்."

நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "அது... சொந்தக் குறிப்பும்மா."

"படிங்க," என்றார் தலைவர்.

படித்தேன். "முதல் நாள், காலை ஐந்தே முக்கால். இரண்டு படகு, வலையுடன். தாடிக்காரன் ஒருவன்." தொண்டையைச் செருமினேன். "திருட்டு முழி."

பின்னாலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். "நான்தான் தலைவரே! அந்தத் திருட்டு முழி நான்தான்!"

"தாடி யாருக்கு இல்ல?" என்றார் சேகர்.

தலைவர் யோசித்தார். "திருட்டு முழினு போட்டுக்கிறாரே. அப்போ தேசப்பன்தான். அட்த்தது."

"இரண்டாம் நாள். சிவப்பு பனியன், ஒல்லி. பார்த்தாலே குடிகாரன்."

சிவப்பு பனியன் கொதித்தார். "நைனா மேல சத்தியமா நான் தொட்டதே இல்ல!"

"ஒத்துக்கோய்யா!" என்று கூட்டத்திலிருந்து அவர் மனைவி கத்தினார். "பாடு போயிடும்!"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். "ஆமா தலைவரே. குடிகாரன் நான்தான்."

"மூன்றாம் நாள். தொப்பைக்காரர், கும்பலின் தலைவன். மற்றவர்கள் இவரைக் கண்டு நடுங்குகிறார்கள்."

தொப்பைக்காரர் தம் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இன்னொரு தபா படிங்க."

"நான்காம் நாள். ஒரு பெண் தண்ணீரில் வருகிறாள். முகத்தைப் பார்த்தால் அடிக்க வருகிறாள்."

"கரெக்ட்டு," என்றார் கஸ்தூரி. "அடிக்கதான் வந்தேன்."

நான்கு பாடும் திரும்பக் கிடைத்தன. சேகர் மட்டும் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை, அது நியாயம்தான். மறுநாள் விடியலில் தொடங்கி அவர்கள் ஒவ்வொருவராக வலை விடுவதைக் கரையில் உட்கார்ந்து, நோட்டு இல்லாமல் பார்த்தேன். கஸ்தூரி வீட்டு வலை கனமாக ஏறியது. அத்துடன் படகுவாசம் முடிந்து, வந்த லாரியிலேயே வீடு திரும்பினேன்.

சில வாரம் கழித்து மனைவியை அங்கே அழைத்துப் போனேன். அன்று கஸ்தூரி சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. விமான நிலையத்தில் காவலர் என் பையைத் திறக்கச் சொன்னால்கூட என் மனைவி முந்திக்கொண்டு அதைச் சொல்கிறாள். அன்று அவள்தான் கேட்டாள்: "இவரைப் பாத்து நெஜமாவே மூணு நாள் பயந்தீங்களா?"

இறால் உரித்துக்கொண்டிருந்த கஸ்தூரி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"தூரத்துல இருந்து பாத்தா பயம்தான்க்கா. கிட்ட வந்து பாத்தப்பதான் தெரிஞ்சிது, சந்தேகப்படற அளவுக்கெல்லாம் ஆளு இல்லனு."