குடை அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம்

கொச்சி மட்டாஞ்சேரியில் போலீசுக்குப் பயப்படாதவன் உண்டு. பெண்டாட்டிக்குப் பயப்படாதவன்கூட ஒன்றிரண்டு பேர் உண்டு. குடை அண்ணாச்சியின் குடைக்குப் பயப்படாத கடைக்காரன் மட்டும் கிடையாது.

தொண்ணூறுகளில் நான் அங்கே பஜாரில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தக் கடையில் சரக்கை எடுத்துவிட்டுப் பணத்தை இழுத்தடிக்கும் சில்லறைக் கடைக்காரர்களிடம் பாக்கி வசூலிப்பது அண்ணாச்சியின் தொழில். ஊதினால் பறந்துவிடும் உடம்பு. இந்த உடம்பை வைத்துக்கொண்டு மிரட்டினால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். அதனால் வாயே திறப்பதில்லை. பாக்கிக்காரன் கடைக் கதவில் தன் கருப்புக் குடையை மாட்டிவிட்டு, எதிரே சாயாக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். குடை தொங்கினால் பாக்கி நிற்கிறது என்று பஜாருக்கே தெரியும். பணம் வந்தால்தான் குடை இறங்கும்.

ஒரு மழைக்காலத்தில் எல்லோரும் இக்கா என்று அழைக்கும் வெங்காயக் கடைக்காரரின் கதவில் குடை ஏறியது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. சாயாக் கடைக் கூரை ஒழுகுகிறது. அண்ணாச்சி தெப்பமாக நனைந்தபடி பெஞ்சை விட்டு அசையவில்லை. இக்காவுக்குப் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, காய்ச்சல் வந்துவிடும், இதைப் பிடியுங்கள் என்று கெஞ்சினார்.

"அது இருந்த இடத்துலயே மாட்டுங்க இக்கா. மழை தன்னால நிக்கும்" என்றார் அண்ணாச்சி.

மழை நிற்பதற்குள் பணம் வந்துவிட்டது. கூடவே தலை துவட்ட ஒரு துண்டும் வந்தது.

இந்தத் தொழிலுக்கு ஒரு சங்கமும் இருந்தது. சாயாக் கடை மாடியில் கூடும். தலைவர் அண்ணாச்சிதான். பிள்ளைகள் முன்னால் கடன் பேச்சு எடுக்கக் கூடாது, சாப்பாட்டு நேரத்தில் போகக் கூடாது என்று சட்டம் போட்டுவைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கல்யாண வாசலை எந்த வசூல்காரனும் மிதிக்கக் கூடாது, பத்திரிகை வைத்து அழைத்தாலும் கூடாது. "நம்ம தலையப் பாத்தா, கடன்ல நடக்குற கல்யாணம்னு நாலு பேர் பேசுவான். ஒரு பொண்ணு தலைகுனிய நாம காரணமா இருக்கலாமா?" என்பார். தடியர்கள் நாலு பேர் வேண்டும் என்று கேட்டுவந்த பைனான்ஸ் கம்பெனி மேனேஜருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, அதற்கு வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவைத்த மனிதர். எனக்கு அவர்மேல் அன்றைக்கே பெரிய மரியாதை.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்கப் போனவர் பழக்கதோஷத்தில் குடையும் கையுமாகப் போய்விட்டார். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியது. மீதிப் பேர் அவர் வாய் திறப்பதற்குள் பணத்தைக் கையில் திணித்தார்கள். சாயங்காலம் எங்கள் மண்டிக்கு வந்தபோது பை நிறைய வசூல். பத்திரிகைகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஒருத்தனும் வரமாட்டான் போல தம்பி. புள்ளைக்கு நம்ம பக்கம்னு நாலு பேர் வேண்டாமா?" என்றார். மறுநாள் நானே கடை கடையாகப் போய்ப் பத்திரிகையைக் கொடுத்தேன்.

சுள்ளிக்கல்லில் மண்டபம். தேவராவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கத்தை நிறைத்துவிட்டார்கள். பெண் பக்கம் வெறும் நாற்காலி. பெண் வீட்டுக்கு ஆளே இல்லையா என்று மாப்பிள்ளையின் மாமா என்னிடமே கேட்டுவிட்டார். பதறி வாசலுக்கு ஓடினேன். சங்கத்து ஆட்கள் மொத்தமும் சலவை வேட்டியில், எதிர்ச் சாரியில் வரிசையாக நிற்கிறார்கள். உள்ளே வாருங்கள் என்றால் ஒருவரும் நகரவில்லை.

"சட்டம் உண்டல்லோ தம்பி" என்றார் பொருளாளர்.

இதில் இன்னொரு கூத்து. பஜார்க்காரர்கள் ஆட்டோவில் வருகிறார்கள், வசூல்காரர்கள் அணிவகுத்து நிற்பதைப் பார்க்கிறார்கள், இறங்காமலே போய்விடுகிறார்கள்.

விஷயம் கேட்டு அண்ணாச்சி பட்டு வேட்டியோடு சாலைக்கு வந்தார். அவர் போட்ட சட்டம், அவர் வாசலிலேயே மறித்து நிற்கிறது. அங்கேயே அவசரக் கூட்டம் என்று அறிவித்தார். சட்டத்தைத் திருத்த யாராவது முன்மொழிய வேண்டுமே? தலைவர் போட்டதை மாற்ற ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த நேரம் ஓர் ஆட்டோ நின்றது. வெங்காயக் கடை இக்கா குடையும் கையுமாக இறங்கினார்.

"நான் சொல்றேன். சொந்த மகள் கல்யாணத்துக்கு இந்தச் சட்டம் இல்லை. போதுமா?"

பாக்கிக்காரர் முன்மொழிய முடியாது என்றார் பொருளாளர். பாக்கியெல்லாம் மழையிலேயே தீர்ந்துவிட்டது என்றார் இக்கா. தீர்மானம் நிறைவேறியது.

இக்கா நேராக மண்டபத்துக்குப் போய், தன் குடையைக் கதவில் மாட்டினார். "அண்ணாச்சி, கல்யாணச் சோறு தின்னாம இந்தக் குடை இறங்காது, கேட்டோ."

செய்தி பரவி, திரும்பிப் போனவர்களும் சேர்ந்து பின்னால் பஜாரே வந்தது. வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு குடை மாட்டினார்கள். கதவில் இடம் போதாமல் ஜன்னல் கம்பிகளிலும் குடைகள் தொங்கின. அண்ணாச்சி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாலி கட்டும் நேரமாகிவிட்டது என்று நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. இப்போதும் ஏதாவது கடைக் கதவில் கருப்புக் குடை தொங்கினால், எதிரே இருக்கும் பெஞ்சை ஒருதடவை பார்த்துவிடுகிறேன். இருந்தால் ஒரு சாயா வாங்கிக் கொடுக்கலாமே என்றுதான்.