லேவியராகமம் வரும் வரை இறால் குழம்பு

ஆதாம் ஏதேன் தோட்டத்தைவிட்டு வெளியேறியது ஒரே ஒரு தடவைதான். எங்கள் ஆதியாகமம் அண்ணாச்சி வருஷத்துக்கு நாலைந்து தடவை வெளியேறுவார். நோவாவின் பேழையில் அவர் ஏறி இறங்கியதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் பக்கத்தை மட்டும் அந்த மனுஷன் வருஷக்கணக்காகப் புரட்டியதே இல்லை. இப்படி ஒரு கிறிஸ்தவரைத் தூத்துக்குடியில் நான் வேறு பார்த்ததில்லை. பரலோகத்தில் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை.

வேதம் வாசிக்காமல் தூங்கிவிட்டோம் என்று இன்று காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் அல்லவா பிள்ளைகளே, உங்களைப் பார்த்ததும் எனக்கு அவர் நினைப்பு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. அண்ணாச்சி கப்பலில் விஞ்ச் ஓட்டுகிறவர். கப்பலின் அடியில் கிடக்கும் மூட்டைகளை அந்த விஞ்ச்தான் தூக்கி வெளியே இறக்கும். பள்ளத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. மேல்தட்டின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்து, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்ட ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் நான். ஷிப்ட் முழுக்க நான் பள்ளத்தைப் பார்ப்பேன். அவர் என் கையைப் பார்ப்பார். வேலை முடிந்து இறங்கும்போது என் தோள் எனக்குச் சொந்தமில்லை, அவர் கண் அவருக்குச் சொந்தமில்லை.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் தினமும் மூன்று அதிகாரம் வாசிக்கவேண்டும். அது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதற்குள் இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரே ஒரு நாள் வாசிப்பு தவறினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. மறுபடியும் ஆதியாகமம் முதல் அதிகாரம்.

ஏன் அண்ணாச்சி இப்படி என்று கேட்டால், துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதியை எடுத்து என்மேல் போடுவார்.

"அறுந்த கயித்த முடிச்சுப் போட்டு அதுல பாரம் தூக்குவியாலே?"

தூக்கமாட்டோம். தூக்கினால் கீழே நிற்கிறவன் தலை போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், கயிறு எப்போதும் ஒரே இடத்தில்தான் அறுந்தது. ஆதியாகமம் கதையாகப் போகும். யாத்திராகமத்தில் வாதைகளும் செங்கடலும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பிறகு லேவியராகமம் வரும். எந்தப் பலிக்கு எந்த மிருகம், கொழுப்பை என்ன செய்வது, எந்தத் தடிப்பு குஷ்டம், எது வெறும் தேமல். நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கே அங்கே கண் சொக்கும். ஒரு பகல் முழுக்க உர மூட்டை இறக்கியவனுக்கு என்ன ஆகும்? விடிந்து பார்த்தால் வேதம் மார்பில் கவிழ்ந்து கிடக்கும். அண்ணாச்சி பெருமூச்சு விட்டுவிட்டு, பூமி ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போவார்.

இதனால் அதிகம் கஷ்டப்பட்டது அவர் வீட்டுச் சமையற்கட்டு. தண்ணீரில் வாழ்வதில் செதில் இல்லாதது எதையும் தின்னக்கூடாது என்று லேவியராகமத்தில் வருகிறது அல்லவா? அதை வாசிக்கிற நாளிலிருந்து அண்ணாச்சி நண்டைத் தொடமாட்டார், இறாலைத் தொடமாட்டார். கணவாய், சுறாப்புட்டு எதுவும் கூடாது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை எல்லாம் விட்டால் சோற்றுக்கு வேறு என்ன இருக்கிறது? கயிறு அறுந்து ஆதியாகமத்துக்குத் திரும்பியதும் எல்லாம் தின்பார். அது அவரைப் பொறுத்தவரை சட்டம் வருவதற்கு முந்தைய காலம்.

கூடையோடு வரும் மீன்காரம்மா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். அவருக்கும் இந்த ஏற்பாடு அத்துப்படி. வாசலில் கூடையை இறக்காமலே அண்ணாச்சியின் மனைவியிடம், அதாவது எங்கள் மதினியிடம் கேட்பார்.

"ஏளா, ஒம் வீட்டுக்காரரு எங்கன நிக்காரு? எகிப்துலதான இருக்காரு? இறாலு நல்லாருக்கு."

"செங்கடலத் தாண்டி லேவியராகமம் வந்தாச்சுக்கா. சாளை இருந்தா குடுங்க."

அண்ணாச்சிக்கும் மதினிக்கும் ஒரே மகள். பெயர் ரெபெக்காள். எங்கள் தெருவில் எஸ்தர், ரூத், மரியாள் எல்லாம் உண்டு. அண்ணாச்சிக்கு ஆதியாகமத்துக்கு உள்ளேதான் பெயர் தேடத் தெரிந்தது.

இதுவரை சொன்னது சிரிப்பு. ஆனால் அவருக்குள் ஒன்று சிரிப்பாக இல்லை. மாதாமாதம் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நற்கருணை ஆராதனையில் மதினி தனியாக முன்னே போய் முழங்காலிடுவார். அண்ணாச்சி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நற்கருணை வாங்கத் தகுதி தரும் திடப்படுத்தலை அவர் எடுத்தவர்தான். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஒருநாள் மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடிக்கும்போது என்னிடம் காரணத்தைச் சொன்னார்.

"விருந்துக்குப் போறோம்லா. கூப்பிட்டவரு யாரு, என்ன பேசுவாருன்னு தெரியாம எல முன்னால போயி உக்காரலாமா? வரிசையா படிச்சு, மத்தேயுல இயேசு இருக்க எடத்துக்கு வந்து, அவரு வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்."

"ஐயர் வாராவாரம் சொல்லுதாருல்லா?" என்றேன். எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

"அது ஐயர் சொல்லுதது. நீ கை காட்டாம, நீ காட்டினேன்னு வேற எவனாவது வந்து சொன்னா நான் பாரத்த எறக்குவனாலே?"

மிச்ச டீயைக் குடித்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

ரெபெக்காள் திடப்படுத்தல் வகுப்பில் சேர்ந்தபோதுதான் விஷயம் முற்றியது. அவள் அம்மாவைப் போலப் பொறுமைசாலி இல்லை. முதல் நற்கருணைக்கு அப்பா பக்கத்தில் வந்து முழங்காலிட்டால்தான் தானும் எடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சி அன்றைக்கே ஆதியாகமத்தைத் திறந்தார். மறு வருஷம் அவளுடைய முதல் நற்கருணை ஞாயிறு வருவதற்குள் மத்தேயுவை எட்டிவிடவேண்டும்.

லேவியராகமத்தை அவர் நின்றுகொண்டே வாசித்துத் தாண்டினார். கண்ணில் கடல் தண்ணீரை அடித்துக்கொண்டு எண்ணாகமத்தைத் தாண்டினார். அதற்கு அப்பால் அவருக்கு எல்லாமே புது ஊர். ராஜாக்களின் புத்தகங்கள் வந்தபோது எங்கள் சூப்பர்வைசரைச் சந்தேகத்தோடு பார்த்தார். உடம்பெல்லாம் புண் வந்த யோபுவை வாசிக்கையில் காலில் ஒரு கொப்புளம் வந்தது; அதை எல்லோரிடமும் காட்டிச் சந்தோஷப்பட்டார். கப்பலேறி ஓடிப்போய்ப் புயலில் மாட்டிய யோனா வந்த அன்று விஞ்சில் ஏறுவதற்கு முன்னால், இந்தக் கப்பல் எங்கே போகிறது என்று இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டார். மீன்காரம்மா எங்கள் தெருவில் சாளையும் விளமீனுமாகவே கொண்டுவந்தார். வேலைக்கு நடுவில் அண்ணாச்சி வாசிக்க உட்கார்ந்தால் சுமை தூக்குகிறவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வந்தபோது பழைய ஏற்பாட்டை முடிக்கும் மல்கியாவின் கடைசிப் பகுதிதான் பாக்கி. மறுநாள் விடிந்ததும் மத்தேயு, அதற்குப் பிறகு ஆராதனை. கணக்கு சரியாக வந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்துத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். காற்று வருவதற்குள் கப்பலைக் காலி செய்தாகவேண்டும். ஷிப்ட் முடிந்தவர்களை வீட்டுக்கு விடவில்லை. பின்னிரவில் டீ குடிக்க இறங்கியபோது அண்ணாச்சி பையிலிருந்து வேதத்தை எடுத்ததைப் பார்த்தேன். மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் சாய்ந்தேன். அவர் தூங்கிவிடாமல் குரல் கொடுக்கவேண்டும் என்று நினைத்ததுதான் எனக்குத் தெரியும். வேலைக்கு வரும்படி யாரோ எங்கள் இருவரையும் உலுக்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. மல்கியா அவர் மடியில் திறந்தபடி இருந்தது.

அண்ணாச்சி யாரையும் திட்டவில்லை. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். மிச்ச மூட்டைகளை இறக்கி முடித்தோம். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தோம். வழியில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"பிள்ளைகிட்ட நீ சொல்லிருதியாலே?"

நான் என்னத்தைச் சொல்ல?

அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் முன்னால் தூண் ஓரமாக இடம் பிடித்தேன். நேரம் வந்ததும் வெள்ளை உடுத்திய பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் முழங்காலிட்டார்கள். ரெபெக்காள் மட்டும் நின்ற இடத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஐயர் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மதினி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போனார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கோபம் இல்லை, அலுப்புதான். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"படைச்சவரு ஏழாம் நாளு ஓஞ்சாரு, ஓஞ்சாருன்னு வருஷம் பூரா என் காதுல படிக்கீங்க. அவரே ஓஞ்சிருக்காரு. ஒங்களுக்கு மட்டும் ஓயப்படாதோ? எந்திங்க. பிள்ள நிக்கா."

அண்ணாச்சி எழுந்தார். உரத்தூள் ஒட்டிய சட்டையோடு மகள் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். முழங்கால் மடங்கவில்லை. கண் மட்டும் அங்கும் இங்கும் தேடி, தூண் ஓரத்தில் என்னைக் கண்டுபிடித்தது.

நான் யோசித்துச் செய்யவில்லை. என் கை தானாக உயர்ந்து, உள்ளங்கை கீழே பார்க்க, மெதுவாக இறக்கு என்று காட்டியது. அவரும் ஆடாமல் குலுங்காமல், கண்ணாடிச் சாமான் பெட்டியை இறக்குவதுபோலத் தன்னை இறக்கிக்கொண்டார்.

அப்பத்தை வாங்கினார், உண்டார். கிண்ணம் வருவதற்குள் ரெபெக்காள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஐயர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு அடுத்தடுத்த ஆட்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியாக அவரிடம் திரும்பி வந்தார். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை தோளை அசைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். உள்ளே இறால் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கயிறு அறுந்த செய்தி கேட்டதுமே மதினி மீன்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார் போல. ஆனால் அண்ணாச்சியின் மடியில் இருந்தது ஆதியாகமம் இல்லை. மத்தேயுவின் முதல் பக்கம். இயேசுவின் முன்னோர்கள் வெறும் பெயர்களாக வரும், நாம் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிற பக்கம் அது. அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"கயிறு அறுந்துட்டே அண்ணாச்சி?" என்றேன். அது அவர் காதில் விழவே இல்லை.

"ஏலே, இங்கன பாரு. ஆபிரகாமு, ஈசாக்கு, யாக்கோபு, யூதா. தாமாரும் இருக்கா. எல்லாம் நம்ம ஆளுகதாம்லே. இத்தன வருஷமா நான் அவரு வீட்டு ஆளுககூடத்தான் இருந்திருக்கேன்."

அவ்வளவுதான் பிள்ளைகளே. இன்றைக்கு விட்ட இடத்திலிருந்து வாசியுங்கள். கண் சொக்கினால் தூங்குங்கள்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. இன்றும் எந்த வீட்டிலிருந்தாவது இறால் குழம்பு வாசம் வந்தால், எங்கேயோ அவர் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் கையும் அதுபாட்டுக்குக் கொஞ்சம் உயர்ந்து இறங்குகிறது.