கண்ணாடி அறையிலிருந்து வந்த பின்னூட்டம்

பதில் அண்ணாச்சி வாழ்நாளில் எதற்கும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. செல்போனில் பதிவு செய்த பெண்குரல், "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்றால், "சரி தாயி, பொறவு கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

தூத்துக்குடியில், கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் அவர் சீனியர் கிளார்க். நான் புதிதாகச் சேர்ந்தவன். என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள். தமிழில் வலைப்பதிவுகள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. பாதிக் கம்ப்யூட்டர்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுதுகிறவர்கள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம் என்பார் அண்ணாச்சி. அந்த வேனில் அவரும் உண்டு, 'உப்புக்காற்று' என்ற பெயரில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதுவார். இது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுத்துரு இறக்கிக் கொடுத்தவன் நான்.

அந்த உலகத்தில் ஒரு மரியாதை இருந்தது. பதிவுக்கு அடியில் யார் வந்து பின்னூட்டம் போட்டாலும், திட்டினாலும்கூட, எழுதியவர் "வருகைக்கு நன்றி" என்று தொடங்கிப் பதில் போட வேண்டும். அண்ணாச்சிக்கென்றே அளவெடுத்துத் தைத்த வழக்கம். எவனோ மூட்டுவலி மாத்திரைக்குப் போட்டுவிட்டுப் போன விளம்பரத்துக்கும், "வருகைக்கு நன்றி, எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு" என்று எழுதியவர்.

ஒருநாள் எங்கள் மேனேஜரைப் பற்றி எழுதிவிட்டார். கப்பல் கேப்டனிடம் பேசுவதற்கு முன் அவர் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் ஒத்திகை பார்ப்பதை. தலைமை அலுவலகத்தில் யாரோ படித்துவிட்டு, மேனேஜருக்கே போன் போட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தினார். "எழுதுனவன் இங்கனதான் இருக்கான். யாருன்னு தெரியட்டும், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புதேன்."

அண்ணாச்சியின் மகள் அப்போது நர்சிங் முதல் வருஷம்.

மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். வெளியே வந்து சத்தமாகச் சொன்னார்: "அதுல ஒருத்தர் பேர் போடாம கேட்டிருக்காரு. 'இதை எழுதினவன் கப்பலைப் படத்துலகூடப் பார்த்திருக்க மாட்டான்'னு. பதிலையே காணோம்." திரும்பிப் போய் உட்கார்ந்து, ஹாலில் இருந்த ஒரே இன்டர்நெட் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஏலே, படத்துலகூடன்னுட்டானே" என்றார் அண்ணாச்சி, உதடு அசையாமல்.

"சும்மா இருங்க அண்ணாச்சி. அவரே போட்டதுதான் அது."

"தெரியுதுலே. அதுக்காக? வந்தவனை வாங்கன்னு கேக்க வேண்டாமா?"

"சாயங்காலம் வெளிய போய்க் கேளுங்க."

"அதுவரைக்கும் அவன் வாசல்லயே நிக்கவா?"

அவருடைய விரல்கள் மேசையில் தானாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. கழுத்தில் வியர்வை வழிந்தது. பதினொரு மணி டீ வந்தது, அவர் தொடவில்லை. சட்டென்று எழுந்தார்.

நான் பாய்ந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரைத் தடுக்க வேறு வழி தோன்றவில்லை. திரையைப் பார்த்தால் உப்புக்காற்று. மேனேஜர் முன்பே திறந்து வைத்திருந்திருக்கிறார்.

முதுகுக்குப் பின்னால் மேனேஜரின் குரல் கேட்டது. "அப்போ நீதானாலே அது?"

என் சம்பளத்தை நம்பி அம்மா உப்பள வேலையை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவன் இல்ல சார்" என்றார் அண்ணாச்சி. "அவன் எழுதுனா யாருக்கும் சிரிப்பு வராது."

பிறகு மேனேஜருக்கு நேராக வந்து நின்றார். "வருகைக்கு நன்றி சார். கப்பலை நான் கல்யாணத்துக்கு முந்தி இருந்தே பாக்கேன். கண்ணாடி முன்னால நீங்க பேசுனதையும் பாத்தேன். நல்லாத்தான் பேசினிய."

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. வேறு ஆபீஸ் கிடைக்க ஆறேழு மாதம் ஆனது. கடன் வாங்கினாரோ என்னவோ, மகள் மட்டும் படிப்பை விடவில்லை.

மறுநாளே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் பதிவாகப் போட்டிருந்தார். மேனேஜர் வந்தார், கண்ணாடி அறை வந்தது, ஆறிப்போன டீகூட வந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தது மட்டும் அவரே என்று எழுதியிருந்தார். தலைமை அலுவலகம் அதையும் படிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

என்னைப் பற்றி அவ்வளவு பிரியமாக வேறு யாரும் எழுதாமல் விட்டதில்லை.