ஜாக்கெட் போட்ட கோழியும் நாளைக்கு பாயும்

தொண்டியில் ஆரம்பித்து ராமேஸ்வரம் வரைக்கும் இந்தக் கடற்கரையில் எத்தனை டைலர்கள் இருந்தாலும், சொன்ன நாளில் ஒரு துணிகூடத் தைத்துக் கொடுக்காதவர் எங்கள் திருப்பாலைக்குடி நாளைக்கு பாய் ஒருத்தர்தான். அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பேர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். எப்போது போனாலும் "நாளைக்கு வாங்க" என்பார், அதனால் நாளைக்கு பாய். பெருநாளைக்குக் கொடுத்த சட்டை அடுத்த பெருநாளைக்குத்தான் வரும். அதற்குள் பையன் வளர்ந்திருப்பான், தம்பிக்காரன் போட்டுக்கொள்வான். ஆனாலும் ஊரே அவரிடம்தான் போகும். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் தைத்தால் துணி உடம்பில் அப்படி உட்காரும்.

நான் பள்ளிக்கூட டீச்சர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும் கொல்லையில் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். அதில் வெள்ளச்சி என்று ஒரு வெள்ளைக் கோழி. நான் நாற்காலியில் உட்கார்ந்தால் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். என் மகன்கூட அப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததில்லை. போன கோடையில் ஆசை யாரை விட்டது, இன்னும் கொஞ்சம் கோழிகளை வாங்கி அதே பழைய கூட்டுக்குள் அடைத்தேன். வந்தது வினை. இடம் பற்றாமல் ஒன்றையொன்று கொத்தின, அப்புறம் எல்லாம் சேர்ந்து வெள்ளச்சியின் முதுகு இறகைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் அதன் முதுகு கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்டது மாதிரி ஆகிவிட்டது. ரத்தத்தைக் கண்டுவிட்டால் விடாது, கொத்தியே கொன்றுவிடும் என்று மாட்டு டாக்டர் பயமுறுத்தினார். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். மற்ற கோழிகள் அதையும் ருசி பார்த்தன.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் ஒருநாள் பாய் கடைக்குப் போனேன். என் தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பொங்கல் முடிந்ததுமே கொடுத்த ஜாக்கெட் துணி இன்னும் அங்கேதான் கிடந்தது. வழக்கம்போல நாளைக்கு என்றார். எனக்கு இருந்த மனசில் சண்டை போடத் தோன்றாமல் கோழிக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்து ஒரு வாடிக்கையாளர் பேசும்போது அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தது அன்றைக்குத்தான். முதுகை மூடிவிட்டால் தீர்ந்தது, கோழியைக் கொண்டுவாருங்கள், அளவெடுக்கணும் என்றார்.

கொண்டு போனேன். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மார்பு, முதுகு, இறக்கை இடுக்கு எல்லாம் அளந்தார். பின்பக்கம் கழுத்து இறக்கி வைக்கவா என்று என்னிடம் கேட்டார். கிண்டலாக இல்லை, தொழில் சுத்தமாகவே கேட்டார். காலையில் அளவெடுத்தவர், சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் தைத்து முடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மாசக்கணக்கில் நடந்து நடந்து என் செருப்புத் தேய்கிறது, ஒரு கோழிக்கு அதே நாளில் டெலிவரி. அதுவும் என்ன துணி? மெரூன் கலர் பட்டு. என்னுடைய ஜாக்கெட் துணி!

"மிச்சத் துணிதேன் டீச்சர்," என்றார் பாய்.

என் ஜாக்கெட்டை வெட்டியாகிவிட்டது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாய்க்கு மொட்டையாக ஒரு துணியைத் தைத்துக் கொடுக்கக் கை வராது. ஆகவே ஓரமெல்லாம் சமிக்கி வைத்திருந்தார். வெள்ளச்சி அதைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. என் கோழிதான் என்றாலும் அந்த நிமிஷம் அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டுக்குள் விட்டதும் நடந்ததைக் கேளுங்கள். மினுமினுக்கிற சமிக்கியைக் குருணை என்று நினைத்து அத்தனை கோழியும் அதன் மேல் விழுந்தன. பாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பாருங்க, எல்லாம் பொறாமையில கொத்துது," என்று பெருமைப்பட்டார். நான் உள்ளே பாய்ந்து வெள்ளச்சியை இழுத்தெடுத்தேன். அப்புறம்தான் சமிக்கி இல்லாமல் காக்கித் துணியில் ஒன்று தைத்தார். புண் ஆறுகிறவரை கோழி தன் கடையிலேயே கிடக்கட்டும் என்றும் சொன்னார். அதன் உயிருக்காகச் சரி என்றேன். அங்கேதான் பிடித்தது சனி.

தையல் மிஷினுக்குக் கீழே வெட்டுத்துணிப் பெட்டிதான் அதற்கு மெத்தை. யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட, குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் ஜாக்கெட் கோழி நலமா என்று விசாரிப்பு. துணி கொடுக்க வந்த பெண்கள் எல்லாம் அதற்குப் பொட்டுக்கடலை கொடுத்தார்கள். பாய் தனக்கு அவித்த முட்டையில் பாதியை அதற்கு ஊட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். கோழிக்குக் கோழி முட்டை. இந்த லட்சணத்தில் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நான் பழைய ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். புதுசு அவள் வளைகாப்புக்குத்தான் கைக்கு வந்தது.

இதற்குள் நான் வீட்டில் சும்மா இருக்கவில்லை. கூட்டைப் பெரிசாக்கினேன். வெயில் சுள்ளென்று விழாமல் சாக்கைத் தொங்கவிட்டேன். முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டி உயரத்தில் தொங்கவிட்டதில், எல்லாம் எம்பி எம்பி அதைக் கொத்தின, பக்கத்துக் கோழியை மறந்தன. தீனியில் கருவாட்டுத் தூள் கலந்தேன். பாய் தினம் வந்து எட்டிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் சேவல்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்வார். பாவம், அது ஒரு வம்பு தும்புக்கும் போகாத சேவல். நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து, கொண்டைக்காரி என்ற கோழிதான் முதல் கொத்து கொத்துகிறது என்று கண்டுபிடித்து, அதைத் தனியாகப் பஞ்சாரக் கூடையில் போட்டு மூடினேன். இறகு பிடுங்குவது நின்றது. பிறகு கொண்டைக்காரியைத் திறந்துவிட்டேன், அதுவும் அடங்கி இருந்தது. வெள்ளச்சிக்கும் முதுகில் புது இறகு முளைத்துவிட்டது.

கோழியைக் கொடுங்கள் பாய் என்று போய் நின்றேன். நாளைக்கு வாங்க என்றார். மறுநாளும் நாளைக்கு. நான் என்ன தைக்கவா கொடுத்தேன்? கோபத்தில் கோழியைப் பார்த்து "பா பா" என்று கூப்பிட்டேன். வெள்ளச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. என் மகன் பொண்டாட்டி பக்கம் சாய்ந்தபோதுகூட நான் அவ்வளவு அழவில்லை. பொறாமைதான், வேறென்ன. ராத்திரி சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து போய் என் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு கூட்டத்தோடு விட்டேன். இத்தனை நாள் பிரிந்திருந்த வெள்ளச்சியை மற்றவையெல்லாம் புதுக் கோழியாகத்தான் பார்த்தன. கொண்டைக்காரி முதலில் பாய்ந்தது, மற்றவை பின்னால் வந்தன. நான் போய்ப் பிரிப்பதற்குள் முளைத்த இறகெல்லாம் போய், முதுகில் மறுபடியும் ரத்தம். வெள்ளச்சி திருப்பிக் கொத்தவே இல்லை. சுவர் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது.

முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். பாய் மிஷின் முன்னால் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ கோழியை வாங்கி, வேப்பெண்ணெயை எடுத்துத் தடவினார்.

"நீங்களே வச்சுக்கங்க பாய். அங்க இருந்தா செத்துரும்," என்றேன்.

"ஒங்க கோழிதேன் டீச்சர். இங்கன இருக்கு, அம்புட்டுத்தேன். நீங்க தெனம் வாங்க," என்றார்.

அதிலிருந்து சாயங்காலமானால் ஒரு கருவாட்டுத் தலையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். வெள்ளச்சி ஓடி வந்து என் கையிலிருந்து தின்னும். தின்று முடித்ததும் அவர் காலடிக்குப் போய்விடும். பாய் குனிந்து தைக்கிற மாதிரி சிரிப்பை மறைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், இருந்தாலும் மறுநாளும் போவேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கடை சாத்தியிருந்தது. பாய்க்குக் காய்ச்சல் என்றார்கள். அவர் மகள் இருப்பது துபாயில், வீட்டில் பார்க்க ஆள் இல்லை. கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நெற்றி அனலாகக் கொதித்தது. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன், ஒரு போன் பண்ணினால் என்ன குறைந்து போவீர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவர் கடைசி மடக்குக் கஞ்சியைக் குடிக்கிறவரை நான் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், வெள்ளச்சி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, அங்கே இருந்த அத்தனை நேரமும் அது எங்கே கிடக்கிறது என்றுகூட நான் பார்க்கவே இல்லை.