மெஷினுக்கு ஒன்றும் இல்லை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு ஊரில் எல்லோருடைய ரத்தமும் தெரியும், தன்னுடையதைத் தவிர. பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபுக்கு நான் பொறுப்பாளன். அரியலூர் சிமென்ட் லாரிக்காரர்கள் முதல் வாலிகண்டபுரத்து மக்காச்சோள விவசாயிகள் வரை எத்தனையோ பேருடைய சர்க்கரை அளவை, கண்ணாடி ஜன்னலின் ஓட்டை வழியாகச் சீட்டாக நீட்டியிருக்கிறேன். சீட்டைப் படிக்கும் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்ததில்லை. "அடுத்தவங்க வாங்க" என்று குரல் கொடுத்துவிடுவேன். (தொழில் கண்ணியம் என்று அதற்கு நானே பெயர் வைத்திருந்தேன்.)

என் சர்க்கரை தொண்ணூற்றிரண்டு. கல்லூரியில் செய்முறை வகுப்பில் பார்த்தது. பிறந்த தேதி மாதிரி அதுவும் மாறாது என்று அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரியில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் காலியாகிறதே என்று மனைவி கேட்டபோது, "பெரம்பலூர் வெயில் அப்படி" என்றேன். "இது மார்கழிங்க" என்றாள். பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியபோது உடற்பயிற்சியின் பலன் என்றேன். உடற்பயிற்சி செய்ததாக நினைவில்லை.

மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் அளவு தெரிந்த ஒரு திரவத்தை முதலில் அதில் ஓட்டுவோம். கன்ட்ரோல் என்று பெயர். அன்று அது தீர்ந்துபோயிருந்தது.

"பார்சல் திருச்சியிலயே நிக்குது சார்" என்றாள் டெக்னீஷியன் செல்வி.

"அதுக்கென்ன, என் ரத்தத்த எடு. இன்னும் காபிகூட குடிக்கல. தொண்ணூத்திரண்டு வரணும்."

"அது எப்ப சார் பாத்தது?"

"எப்ப பாத்தா என்னம்மா, ஆள் அதே ஆள்தான?"

இருநூற்று எழுபத்தொன்று வந்தது.

"மெஷின் போச்சு" என்றேன். குழாய்களைக் கழுவினேன், ரசாயனத்தை மாற்றினேன், இரண்டு தட்டும் தட்டினேன். மறுபடியும் இருநூற்று எழுபத்தொன்று. (தப்பாகச் சொன்னாலும் என்ன உறுதி என்று வியந்துகொண்டேன்.) செல்வி தன் ரத்தத்தை எடுத்து ஓட்டினாள். எண்பத்தெட்டு.

"எனக்கு சரியாத்தான சார் காட்டுது?"

"உனக்கும் தப்பாத்தான் காட்டுது. அது வேற மாதிரி தப்பு."

திருச்சி இன்ஜினியருக்குப் போன் போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலில் இப்ராஹிம் பாய். லப்பைக்குடிக்காட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். துபாயில் இருக்கும் மகனின் நச்சரிப்பு தாங்காமல், வாழ்நாளில் முதல் முறையாக டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்திருந்தார். அவருக்கு இருநூற்று நாற்பது.

"என்ன தம்பி, கூட இருக்கா?"

"மெஷின் கோளாறு பாய். உங்களுக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது. நிம்மதியா போய் சாப்பிடுங்க."

ஒரு முகம் மலர்வதை முதல் முறையாக நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மதியம் இன்ஜினியர் வந்தார். மீசை அரும்பாத பையன் போலிருந்தார். தான் கொண்டுவந்த கன்ட்ரோலை மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் அச்சுக் குத்தியது போல, பாட்டிலில் எழுதியிருந்த அதே அளவு.

"சார், மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. இந்த இருநூத்தி எழுபத்தொண்ணு யாரு சாம்பிள்?"

செல்வி மின்விசிறியை ஆராய்ந்தாள்.

"ஒரு பேஷன்ட்" என்றேன்.

"அவர சீக்கிரம் டாக்டர பாக்கச் சொல்லுங்க சார், பாவம்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மார்கழி, சொம்பு, பேன்ட் எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. பாயின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கையில் ஜாங்கிரிப் பெட்டியோடு அவரே வந்துவிட்டார்.

"லேபுல எல்லாரும் எடுத்துக்குங்க! காலையிலேர்ந்து நான் ரெண்டு தின்னுட்டேன், அல்ஹம்துலில்லாஹ். மருந்தும் வேணாம் மாத்திரையும் வேணாம்னு மவன்ட்ட சொல்லிட்டேன் தம்பி!"

என் கையிலும் ஒன்றை வைத்தார். நான் சும்மா இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பார். பிறகு ஒருநாள் கண்ணோ காலோ போய்த் திரும்பி வந்திருப்பார். ஜன்னல் வழியாகச் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"பாய், மெஷினுக்கு ஒண்ணும் இல்லையாம்."

பெட்டியைப் பார்த்தார். "அப்ப எனக்கு?"

"இருக்கு பாய். காலையில நான்தான் தப்பா சொல்லிட்டேன். எனக்கும் இருக்கு. உங்களவிட முப்பத்தொண்ணு கூட."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நியாயம்தான். அவரோ என் கையிலிருந்த ஜாங்கிரியைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார்.

"படிச்ச மனுசன், இதுலயும் என்னய முந்தாம இருப்பீங்களா? வாங்க, டாக்டர்ட்ட டோக்கன் போடுவோம்."

பெட்டியைச் செல்வியும் இன்ஜினியரும் காலி செய்தார்கள். நாங்கள் இருவரும் டாக்டர் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். என் ரத்தத்தின் சீட்டு என் கையில் இருந்தது. எத்தனையோ ஆயிரம் அச்சடித்த அதே சீட்டு. அதைப் படிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் சீட்டை நீட்டிய பிறகு, எதிரே இருப்பவர் தலையை நிமிர்த்தும் வரை அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை. வரிசை கொஞ்சம் நீள்கிறது. நீளட்டும்.

வீட்டில் மட்டும் என் மரியாதை திரும்பவில்லை. போன வாரம் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றேன். இறங்கி, மறுபடி ஏறினேன். "இது என்ன, கண்டபடி காட்டுது?" என்றேன்.

மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"திருச்சிக்குப் போன் போடவாப்பா?"