நாப்பத்தஞ்சார் வீட்டுக் குட்டிகள்

இராமநாதபுரம் ஜில்லாவில் மரியாதை தெரிந்த நாய் எதையாவது நீங்கள் பார்த்திருந்தால், அது நாப்பத்தஞ்சார் வீட்டில் பிறந்ததாகத்தான் இருக்கும். மரியாதை தெரியாத மனிதர்கள் எங்கே பிறந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நயினார்கோவிலில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மிளகாய் விவசாயம் பார்த்துக்கொண்டே சிப்பிப்பாறை நாய் வளர்த்தார். குட்டி பிறந்து நாற்பத்தைந்து நாள் ஆகாமல் எந்தக் கொம்பனுக்கும் தரமாட்டார், அதனால் அந்தப் பெயர். ஒருமுறை மண்டிக்காரர் ஒருவர் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளைக்குச் சீரோட சேத்துக் குடுக்கணும்ணே. வெள்ளிக்கெழமை கல்யாணம்."

குட்டிகளுக்கு அன்று முப்பதாவது நாள்.

"கல்யாணத்தைத் தள்ளி வைங்க" என்றார் இவர்.

"என்னண்ணே, வெளையாடுறீகளா?"

"நான் எங்க வெளையாடுறேன்? குட்டிகதான் வெளையாடணும். கூடப்பொறந்ததுககிட்டக் கடி வாங்குனாத்தான் கடிச்சா வலிக்கும்னு அதுக்குத் தெரியும். இப்பவே தூக்கிட்டுப் போனா ஒங்க மாப்பிள்ளை காலைக் கடிச்சுத்தான் படிக்கும். பரவால்லையா?"

மாப்பிள்ளைக்கு சைக்கிள் கொடுத்ததாகக் கேள்வி.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே விதைக் கிடங்கில் குமாஸ்தா. குடியிருக்க வீடு தேடியபோது நாப்பத்தஞ்சார் வீட்டுக்கு அடுத்த வீடுதான் கிடைத்தது. என் தலையெழுத்து! சின்ன வயதில் ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவன் நான். நாயைக் கண்டால் மூன்று தெரு சுற்றிப் போவேன்.

அவர் குட்டி வளர்த்த கதையைக் கேளுங்கள். பிறந்த மறுநாளிலிருந்து ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி, காதைத் தொட்டு, பாதத்தைத் தொட்டு, பத்து எண்ணிவிட்டுத் தாயிடம் விடுவார். கண் திறந்ததும் நடைப் பயிற்சி. ஈரச் சாக்கு, ஓலைப் பாய், சரளைக்கல், தகரம் என்று வரிசையாகப் போட்டு அதன்மேல் நடக்க விடுவார். அப்புறம் சத்தம். சம்சாரத்தின் பித்தளை அண்டாவைக் கொல்லைக் கோடியில் நின்று கீழே போடுவார். தினம் ஓரடி கிட்டே வந்து போடுவார்.

"எங்க அய்யா குடுத்த அண்டா நசுங்கிப் போச்சே!" என்று அந்த அம்மாள் கத்துவார்.

"குட்டிக்குப் பயம் தெளிஞ்சிருச்சுல்ல" என்பார் இவர்.

விளையாட்டில் குட்டி பல் பதித்தால், "ஆத்தாடீ!" என்று அலறுவார். அப்படி அலறி, கொஞ்ச நேரம் விளையாட்டை நிறுத்தினால்தான் அதற்கு உறைக்குமாம். முதல்முறை கேட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். பாம்புதான் கடித்துவிட்டது என்று சோப்பு நுரையோடு ஓடினேன். தெருவே கூடியிருந்தது. என்னைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாலாவது வாரம் வந்ததும் மனுஷ வேட்டை ஆரம்பமாகிவிடும். குட்டி தினம் ஒரு புது தினுசு ஆளைப் பார்த்தாக வேண்டும். தாடி, வழுக்கை, குடை, தலையில் பானை, பொடி போட்டுத் தும்முகிறவர், காலைச் சாய்த்து நடக்கிறவர் யாராயிருந்தாலும் தெருவில் மறித்து, "இங்கன ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க" என்று உள்ளே இழுத்துவிடுவார். இராமேஸ்வரம் போகிற சாமியார் ஒருவர் இடுப்பு வரை தாடியோடு வசமாகச் சிக்கினார். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, குட்டிகளுக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் ஐந்து குட்டிகள். நாலு சூரப்புலிகள். ஐந்தாவது கடைக்குட்டி, ஓர் உளுந்து விழுந்தால்கூடத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஈரம் பண்ணிவிடும். பயந்த குட்டியை மற்றவர்கள் உடைமரக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாப்பத்தஞ்சார் விடமாட்டார், பிறத்தியார் தலையில் கட்டவும் மாட்டார். வீட்டிலேயே வைத்துக்கொள்வார். அப்படி ஏற்கெனவே மூன்று இருந்தன. அதில் ஒன்று காக்காயைப் பார்த்தால் அழும்.

"நாலாவதா ஒண்ணு இங்கன தங்குச்சு, நான் பரமக்குடிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க நாயோட குடும்பம் நடத்துங்க" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. முந்தி ஒருமுறை போய் இரண்டு மாசம் வரவில்லை. இவரும் நாய்களும் ஒரே கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தார்களாம்.

நாற்பத்தைந்தாம் நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாப்பத்தஞ்சார் கிடங்குக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, ஒரு ஒத்தாசை. நீங்க வந்து எங்க வீட்டுல தெனம் ஒரு மணி நேரம் பயந்துக்கிட்டு உக்காரணும்."

"என்னது?"

"தைரியமான ஆளு கையை நீட்டுறான், தூக்குறான், கடைக்குட்டி பயத்துலயே செத்துப் போகுது. நீங்க கையை நீட்ட மாட்டீகள்ல?"

"சத்தியமா நீட்ட மாட்டேன்ணே!"

"அதான் வேணும். வாங்க."

ஏன் ஒத்துக்கொண்டேன் என்கிறீர்களா? சுவருக்கு மேலாக வாரம் இரண்டு நாள் எனக்குக் கருவாட்டுக் குழம்பு வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் பரமக்குடிக்குப் போனால் குழம்பும் போய்விடும்.

சாயங்காலம் கிடங்கை மூடியதும், பேண்டைக்கூட மாற்றாமல் போய், குதிருக்கு முதுகைக் காட்டிச் சாக்கில் உட்காருவேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. மற்ற நாலு குட்டிகளையும் அந்த ஒரு மணி நேரம் கொல்லையில் அடைத்துவிடுவார். ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் கணுக்காலில் சில்லென்று ஒரு மூக்கு பட்டது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன்.

"அசையாதீக!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூச்சு மட்டும் விடலாம்."

நாற்பத்துமூன்றாம் நாள் அது என் பாதத்தில் தலை வைத்துத் தூங்கியது. கால் மரத்துப் போயிற்று. எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. நாய்க்குப் பயப்பட மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது.

நாற்பத்தைந்தாம் நாள் சாயல்குடிப் பண்ணைக்காரர் மகன் ஜீப்பில் வந்தார். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். நாப்பத்தஞ்சார் அண்டாவைக் கீழே போட்டார். நாலு சூரப்புலிகளும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடையை விரித்தார். வாலை ஆட்டின. "எப்படி?" என்று மீசையைத் தடவினார். அந்தப் பையன் சந்தோஷமாக முன்னால் வந்ததுதான் தாமதம், ஒன்று வைக்கோலுக்குள், இரண்டு வண்டிக்கு அடியில், இன்னொன்று தாயின் வயிற்றுக்கடியில்!

வந்தவர் போட்டிருந்தது பேண்ட். அத்தனை தினுசு ஆளைக் காட்டியவர், எல்லாரையும் வேட்டியிலும் கைலியிலும் புடவையிலுமே காட்டியிருக்கிறார்.

"ஆத்தாடீ, குழாய் மாட்டுன ஆளை மறந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நரி வெரட்ட நாய் கேட்டா, நீங்க என்னண்ணே முயல் வளக்குறீக?" என்றார் பண்ணைக்காரர் மகன். வாசலில் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றார். எனக்குப் பரமக்குடி பஸ் சத்தம் கேட்பது போலவே இருந்தது.

அப்போதுதான் குதிருக்குப் பின்னாலிருந்து கடைக்குட்டி வந்தது. வால் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் நடந்தது. நேராகப் போய்ப் பேண்டின் ஓரத்தை மோந்து பார்த்து, பூட்ஸ் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நயினார்கோவிலில் பேண்ட் போட்டவன் நான் ஒருவன்தான் என்பதை அதனிடம் யார் சொல்வது?

"இது போதும்ணே" என்று அவர் தூக்கிக்கொண்டார். குட்டி நடுங்கவில்லை. (மற்ற நாலுக்கு முன்னால் நான் ஒரு வாரம் பேண்டோடு நடைபோட்ட பிறகு அவையும் நல்ல இடம் போய்ச் சேர்ந்தன.)

புது வீட்டில் அழாமலிருக்க, தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு கிழித்துக் குட்டியோடு அனுப்புவது அவர் வழக்கம். சாக்கைக் கிழிக்கப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க பேண்டைக் கழட்டிக் குடுங்க."

"அண்ணே! இருக்கிறதே ரெண்டுண்ணே!"

"அது ஒங்க வாசத்துலதான தம்பி வெளிய வந்துச்சு? போற எடத்துல அதுக்குத் தைரியம் வேணும்ல."

அந்த அம்மாள் உள்ளேயிருந்து அவருடைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். என் பேண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குட்டி சாயல்குடிக்குப் போயிற்று.

என் கையெழுத்தைப் பாராட்டிய ஆபீசர்கள் உண்டு. இன்னோர் உயிருக்கு நான் தைரியம் என்று, அந்த ஒரு மனுஷனைத் தவிர எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பேண்டையும் கொடுத்திருப்பேன்.