வாசல் தெளித்த அம்மாவும் ‘ஆச்சுன்னா’ மாமாவும்

சிதம்பரத்திலிருந்து வெளிநாடு போன அத்தனை பேரும், கிளம்புகிற தேதியை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு ஒரே ஒருவரிடம் மட்டும் மறைத்தார்கள். அவர்தான் ‘ஆச்சுன்னா’ மாமா. மறைத்து என்ன பிரயோஜனம்? பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவன் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதற்குள், டிராவல் இன்சூரன்ஸ் பாரத்தோடு ஸ்டுடியோ வாசலில் நிற்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எட்டு வருடம் பக்கத்து சீட்டில் பயணம் செய்தும் கேட்கத் தோன்றவில்லை. “ஏதாவது ஆச்சுன்னா?” என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார், அதுவே பெயராகிவிட்டது. 2004-ல் எனக்குக் கடலூரில் ஒரு உரக் கிடங்கில் வேலை கிடைத்தது. அவருடைய இன்சூரன்ஸ் ஆபீசும் கடலூரில். இரண்டு பேருக்கும் ஒரே ஏழரை மணி பஸ். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். மனுஷனுக்கு அந்த நேரத்தில் வேண்டியது தூக்கம் ஒன்றுதான். நான் பி.முட்லூர் வருவதற்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

“தூங்கு மாப்ள, தூங்கிகிட்டே கேளு” என்று ஆரம்பிப்பார். “துபாய்ல பொட்டி தொலைஞ்சு போச்சுன்னா? லண்டன்ல பல்லு வலி வந்துச்சுன்னா? அங்கல்லாம் பல்லப் புடுங்கணும்னா நம்ம சொத்தையே புடுங்கிடுவான்.”

பாஸ்போர்ட்டே இல்லாத என்னிடம் இதையெல்லாம் ஏன் சொன்னார் என்று இன்றுவரை புரியவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது எனக்கே பல் வலிக்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பையன் ஜெர்மனிக்குக் கிளம்பினான். வாசலில் கார், காருக்கு முன்னால் பூசணிக்காய், கற்பூரம் எரிகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே நுழைந்து, “தம்பி, பாடியக் கொண்டாற செலவும் இதுல சேத்தி, ஒரு கையெழுத்துப் போட்டுடு” என்றார். பையனின் அம்மா அலறிவிட்டார். சகுனம் கெட்டுப்போயிற்று என்று எல்லாரும் திரும்ப வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நல்ல நேரம் பார்த்துக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது. மாமா அதுவரை நகரவே இல்லை. “பிளைட்ட உட்டுட்டாலும் இதுல வழி இருக்கு” என்று கார் ஜன்னல் வழியாகச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள்.

பாலிசி எடுத்தவர்களாவது சந்தோஷப்பட்டார்களா? ஸ்ரீமுஷ்ணத்து வாத்தியார் ஒருவர் லண்டனில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து, நடு பஸ்ஸில் சண்டைக்கு நின்றார்.

“ஒண்ணுமே ஆவலயேய்யா! ஒரு தும்மல் கூட வரல. கட்டுன பணம் தண்டம்!”

“கால ஒடச்சிகிட்டு வந்திருந்தா சந்தோசமா இருந்திருக்குமா சார்?”

வாத்தியார் குனிந்து தன் காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மாமாவிடம் இன்னொரு விநோதம் உண்டு. கல்யாண வீடுகளில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பந்தி நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர் என்று நினைத்து வணங்குவார்கள். அவரோ யார் இலையில் ஜாங்கிரி அப்படியே கிடக்கிறது, யார் அப்பளத்தை ஒதுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போவார். ஜாங்கிரியைத் தொடாதவருக்குச் சர்க்கரை. அப்பளம், ஊறுகாயைத் தொடாதவருக்குப் பிரஷர். ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று டாக்டர்களை விட அவருக்குத்தான் ஜாஸ்தி தெரியும்.

2008 கடைசியில் அந்த ‘ஆச்சுன்னா’ என் வீட்டிலேயே வந்து விடிந்தது. அமெரிக்காவில் இருந்த என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மா போக வேண்டும். அப்பா இல்லாத வீடு, எல்லாம் என் தலையில்தான். விசாவுக்கு அலைந்து, டிக்கெட்டுக்கு அலைந்து நாக்குத் தள்ளிப்போயிருந்தது. மாமா கொடுத்த பாரத்தில், ஏற்கெனவே ஏதாவது வியாதி உண்டா என்று ஒரு கேள்வி. அம்மாவுக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை.

“எழுதாதடா” என்றாள் அம்மா. “பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இதெல்லாம் சொல்லுவோமா? தெரிஞ்சா ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிடுவான். எம் பொண்ணு அங்க தனியாக் கெடப்பா.”

எனக்கு வாதாடத் தெம்பில்லை. ‘இல்லை’ என்று எழுதி, மறுநாள் பஸ்ஸில் நீட்டினேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். புதுச்சத்திரம் ஸ்டாப்பிங் வந்தபோது பாரத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கீரப்பாளையம் கல்யாணத்துல ஒங்கம்மா ஜாங்கிரிய எலை ஓரத்துல தள்ளி உட்டாங்க. பாயசம் வந்தப்ப கையால மறைச்சாங்க. எங்கிட்டயேவா மாப்ள?”

“மாமா, எழுதினா மட்டும் சர்க்கரைக்குத் தரப்போறானா?”

“ஒத்தப் பைசா தரமாட்டான். பொய் சொல்லி விக்க மாட்டேன். ஆனா மறைச்சேன்னு வய்யி, நாளைக்குக் கால் ஒடைஞ்சாலும் அதக் காட்டியே தரமாட்டான். உள்ளத எழுது. ஏதாவது ஆச்சுன்னா, நீ இங்க பஸ்ல தூங்கிகிட்டிருப்ப. அங்க ஒந் தங்கச்சி கைக்கொழந்தையோட நிப்பா.”

எரிச்சலாக வந்தது. வேறு பாரம் வாங்கி உள்ளதை எழுதினேன். அதற்காக ரத்தப் பரிசோதனை, ஈசிஜி என்று இரண்டு நாள் அலைச்சல். அந்த மனுஷனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே அலைந்தேன்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். பேரன் பிறந்தான். பன்னிரண்டாம் நாள் தங்கை போனில் அழுதாள்.

அம்மா அங்கேயும் விடியற்காலை எழுந்து, வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதே என்று ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து வாசல் தெளித்திருக்கிறாள். அது ஜனவரி மாதம். கோலம் போட அரிசி மாவை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் வாசல் கண்ணாடியாக உறைந்துவிட்டது. முதல் புள்ளி வைப்பதற்குள் விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்து, ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரி சொன்ன தொகைக்குச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டை விற்றாலும் போதாது.

இன்சூரன்ஸ்காரர்கள் அம்மாவின் பழைய வியாதிகளைத் துருவித் துருவிக் கேட்டார்களாம். எல்லாம் பாரத்தில் எழுதியபடியே இருந்ததால், எங்கள் பங்குக்கு உரிய கொஞ்சத்தைத் தவிர மீதியை அவர்களே கட்டிவிட்டார்கள். “சர்க்கரைய மறைச்சிருந்தா சிக்கலாயிருக்கும் மச்சான், நல்ல வேளை” என்றார் தங்கை புருஷன்.

மறுநாள் பஸ்ஸில் மாமாவிடம் சொன்னேன். இனி வாழ்நாள் முழுக்க இந்தக் கதையைக் கேட்கவேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எந்தக் கை மாப்ள?”

“வலது கை.”

“அடடா! எப்படிச் சாப்புடுறாங்க பாவம்?”

அதற்குப் பிறகு கடலூர் வரை பேசவே இல்லை. வேண்டிய அளவு தூங்கியிருக்கலாம். தூக்கம் வரவில்லை.

அம்மா திரும்பி வந்த அன்று காலை மாமா எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். அம்மாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “வாங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றாள் அம்மா. “இருக்கட்டும்மா” என்று பையிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்து ஒரு டிக் போட்டார். எட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பெயர், போன ஊர், திரும்புகிற தேதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக்.

“என்ன மாமா இது, அடுத்த பாலிசிக்கா?”

“இல்ல மாப்ள. நான் அனுப்பி வச்ச ஆளுங்க. வந்து சேந்துட்டாங்களான்னு பாக்க வேணாமா?”

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய அன்றே இந்த ஆள் கமிஷனுக்கு நிற்கிறான் என்று ஊரே திட்டிய காரியம் இதுதான். நானும் திட்டியிருக்கிறேன்.

டிராவல் இன்சூரன்ஸ் எடுப்பது தேவையா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் தண்டம்தான். எடுங்கள், உள்ளதை எழுதுங்கள், அது தண்டமாகவே போகட்டும் என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

2012-ல் மாமா முதல்முறையாக விமானம் ஏறினார், சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க. ஒரு மாதம் என் பக்கத்து சீட் காலி. எட்டு வருடமாக நான் கேட்ட வரம் அது. ஆனால் பி.முட்லூர், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டியும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு போனேன். சிங்கப்பூரில் அவருக்குப் பல் வலி வந்துச்சுன்னா?

அவர் திரும்பிய நாள் காலையில் அவர் வீட்டு கேட்டில் நின்றேன். லுங்கியோடு வெளியே வந்தவர், “என்ன மாப்ள, ஏழரை பஸ்ஸ உட்டுட்டியா?” என்றார்.

“சும்மாதான் மாமா. ஒண்ணும் ஆவலயே?”

உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். கடைசி வரியில், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘நான்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“நீயே போட்டுடு” என்றார்.

டிக் போட்டேன். பஸ்ஸை விடவில்லை, லீவு போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.